வெள்ளிக்காசில் பதிந்த முகம்: உரோமானியப் பேரரசன் டைபீரியஸ் வரலாறு

தமிழகத்து மண்ணிற் கிடைத்துள்ள உரோமானிய வெள்ளிக்காசுகளையெல்லாம் ஓரிடத்தே குவித்து, அவற்றுள் ஒன்றைப் பாராமல் எடுத்தால், அதிற் காணும் முகம் பெரும்பாலும் இருவருள் ஒருவனுடையதாகவே இருக்கும். ஒருவன் அகஸ்டஸ், மற்றவன் அவனுக்குப் பின் அரியணையேறிய டைபீரியஸ். அகஸ்டசின் பெயரை ஆண்டின் எட்டாந் திங்கள் இன்றும் தாங்கி நிற்கிறது. டைபீரியசின் பெயரையும் செப்டம்பர்த் திங்களுக்குச் சூட்ட அன்றைய ஆட்சிமன்றத்தார் முன்வந்தனர். அவன்தான் வேண்டாவென மறுத்துவிட்டான். மறுத்தவன் பெயர் மறக்கப்பட்டது. அவன் முகமோ கடல் கடந்து வந்து, கொங்கு நாட்டுப் புன்செய் நிலத்துப் பானைகளுக்குள் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் புதைந்து கிடந்தது.

அக்காசு ஏறத்தாழ நாலு கிராம் எடையுள்ள சிறு வெள்ளி வட்டம். தெனாரியஸ் என்பது அதன் பெயர். முன்புறத்தில் வாகைமாலை சூடிய தலை வலப்பக்கம் நோக்கி அமைந்திருக்கும். சுற்றிலும் உள்ள இலத்தீன் எழுத்துகள், இவன் தெய்வமாகிய அகஸ்டசின் மகன் என அறிவிக்கும். பின்புறத்தில் ஒரு பெண் இருக்கையில் அமர்ந்து, ஒரு கையிற் செங்கோலும் மறு கையில் ஒலிவக் கிளையும் ஏந்தியிருப்பாள். அவளை அமைதித் தெய்வம் என்பாரும், அத்தெய்வ வடிவிற் காட்டப்பெற்ற அரசன் தாய் லிவியா என்பாரும் உளர். பிரான்சு நாட்டில் இன்று லியோன் எனப்படும் நகரில் அச்சிடப்பட்டது இக்காசு. விவிலியத்தில், வரி செலுத்துதல் முறையா என வினவியவர்களிடம் இயேசு பெருமான் வாங்கிக் காட்டிய காசு இதுவே என்று கருதுவோர் பலர். அதனால் நாணயம் சேர்ப்போர் உலகில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. இருக்கையின் கால் கடைசல் வேலைப்பாடு உடையதா, வெறுங்காலா, அதன் அடியில் கோடு ஒன்றா இரண்டா என்றெல்லாம் நுணுகி நோக்கி இதனை வகைப்படுத்துவர். இருபத்துமூன்று ஆண்டு ஆட்சியில் அவன் தன் வெள்ளிக்காசின் உருவை ஏறக்குறைய மாற்றவேயில்லை. இந்த மாறாமையில் அவனது இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம்.

கி.மு. 42ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் உரோமையிற் பிறந்தவன் டைபீரியஸ். கிளாடியர் என்னும் பழங்குடி. செருக்கிற்குப் பேர்போன குடி. ஜூலியஸ் சீசர் கொலையுண்டு ஈராண்டுதான் ஆகியிருந்தது. உள்நாட்டுப் போரில் தந்தை தோற்ற பக்கத்தில் நின்றார். பின்னாளில் அகஸ்டஸ் எனப் பெயர்பெற்ற அக்டேவியனின் ஆட்களுக்கு அஞ்சி, மனைவி லிவியாவையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு நாடு நாடாக ஓடினார். நேப்பிள்சு நகரில் கப்பலேறப் பதுங்கிச் சென்றபோது குழந்தை அழுது இருமுறை காட்டிக்கொடுக்கப் பார்த்தது. கிரேக்க நாட்டில் இரவு வழிநடையிற் காட்டுத்தீ சூழ்ந்து, லிவியாவின் கூந்தலும் ஆடையும் பொசுங்கின. பொதுமன்னிப்புப் பெற்று ஊர் திரும்பிய பின் நேர்ந்ததுதான் விந்தை. எவனுக்கு அஞ்சி ஓடினார்களோ அந்த அக்டேவியன் லிவியாவின்மீது காதல் கொண்டான். அப்போது அவள் இரண்டாம் முறை கருவுற்றிருந்தாள். கணவர் மணவிலக்குத் தந்து, தாமே முன்னின்று அவளை மணம் செய்து கொடுத்தார். ஒன்பது வயதில் தந்தையை இழந்த டைபீரியஸ், இறுதிச் சடங்கில் இரங்கலுரை ஆற்றிவிட்டுத் தாயின் புதிய இல்லத்திற்குச் சென்றான். அந்த இல்லத்திற்கு அவன் உறவினனாக இருந்தானேயன்றி உரியவனாக ஒருநாளும் இருந்ததில்லை.

கி.மு. 30இல் எகிப்து உரோமையின் கைக்கு வந்தது. தமிழக வரலாற்றுக்கும் இவ்வாண்டு பெரிது. செங்கடல் துறைகள் உரோமானியர் வசமானதும், பருவக்காற்றின் துணையால் இந்தியக் கடற்கரைக்கு ஆண்டுதோறும் நூற்றிருபது கப்பல்கள்வரை புறப்பட்டதாக நிலநூலார் ஸ்டிராபோ எழுதுகிறார். யவனக் கலங்கள் முசிறியில் மிளகு ஏற்றிச் சென்றமையை அகநானூற்றின் 149ஆம் பாட்டு குறிக்கிறது. எகிப்தை வென்ற வெற்றி உலாவில் அக்டேவியனின் தேருக்குப் பக்கத்தில் குதிரையூர்ந்து சென்ற சிறுவருள் ஒருவன், பதின்மூன்று வயது நிரம்பாத டைபீரியஸ்.

வளர்ந்தபின் அவன் போர்க்களத்திற்கென்றே பிறந்தவன் போலானான். ஆர்மீனியா, ஆல்ப்சு மலைநாடு, தன்யூபு ஆற்றங்கரை, செருமானியக் காடுகள் என அவன் காணாத எல்லை இல்லை. வீரரின் உயிரை வீணாக்காத படைத்தலைவன் என்று, அவன்கீழ்ப் பணியாற்றிய வெல்லேயஸ் நெஞ்சுருகி எழுதியிருக்கிறார். தம்பி டிரூசஸ் செருமனியிற் குதிரையிலிருந்து விழுந்து மாண்டபோது, உடலை உரோமைக்குக் கொண்டுவந்த வழி முழுதும் அதற்கு முன்னே கால்நடையாகவே வந்தான். பிற்காலத்தார் கல்நெஞ்சன் எனத் தூற்றிய மனிதன்தான் இவன்.

அவன் நெஞ்சு கல்லான இடம் எது என்று தேடினால், விப்சானியா என்னும் பெண்ணின் பெயர் எதிர்ப்படுகிறது. அகஸ்டசின் உற்ற நண்பனும் தளபதியுமாகிய அக்ரிப்பாவின் மகள் அவள். மணம் அரசியற் பொருத்தம் கருதிச் செய்யப்பட்டதுதான். ஆயினும் அவர்கள் வாழ்வு அன்பில் இணைந்திருந்தது. ஒரு மகன் பிறந்தான். கி.மு. 12இல் அக்ரிப்பா இறக்க, அகஸ்டசின் ஒரே மகள் ஜூலியா கைம்பெண்ணானாள். அவளுக்குக் காவலனாக ஒரு கணவன் வேண்டும். அரசு வழித்தோன்றல்களுக்கு ஒரு பாதுகாவலன் வேண்டும். டைபீரியசுக்கு ஆணை பிறந்தது. மீண்டும் கருவுற்றிருந்த விப்சானியாவை விலக்கிவிட்டு, ஜூலியாவை மணந்தான். அதன்பின் ஒருமுறை தெருவில் விப்சானியாவைக் காண நேர்ந்தது. கண்ணீர் மல்க அவளைத் தொடர்ந்து நடந்தான். இனி அவள் அவன் கண்ணிற் படாதவாறு ஏற்பாடு செய்தனர். தந்தையின் இழப்பும் தாயின் மறுமணமும் அவனைக் கேளாமல் நிகழ்ந்தவை. இதற்கோ அவன் உடன்பட்டான். உடன்பட்ட அந்தக் கணத்தை அவன் மன்னிக்கவில்லை. தன்னையும் மன்னிக்கவில்லை என்று கருத இடமிருக்கிறது.

கி.மு. 6இல், முப்பத்தைந்து வயதில், புகழின் உச்சியில் இருந்தபோது எல்லாவற்றையும் உதறிவிட்டு ரோட்ஸ் தீவுக்குச் சென்றான். அகஸ்டசு தன் பேரர்களாகிய கையஸ், லூசியஸ் இருவரையும் அடுத்த அரசர்களாக வளர்த்து வந்தான். கேடயமும் ஈட்டியுமாக அவ்விருவரும் நிற்கும் வெள்ளிக்காசுதான் தமிழகத்திற் கிடைக்கும் அகஸ்டஸ் காசுகளில் மிகுதியானது. அந்த இளைஞர்களின் வழியில் நில்லாது விலகினான் என்பது ஒரு சாரார் கருத்து. ஜூலியாவின் ஒழுக்கக்கேட்டைப் பொறாது அகன்றான் என்பது மற்றொரு சாரார் கருத்து. தீவில் எளிய வீடு, மெய்யியலார் சொற்பொழிவுகள், சோதிட ஆராய்ச்சி. கடலுக்கு மேல் செங்குத்தான பாறை உச்சியில் அமைந்த வீட்டிற்குச் சோதிடரை வரவழைப்பானாம். ஐயம் தோன்றினால் திரும்பும் வழியில் அவர்கள் கடலுக்குள் தள்ளப்படுவராம். திரசில்லஸ் என்னும் சோதிடன் தன் சாதகத்தைத் தானே கணித்து, இக்கணமே தனக்கு உயிர்க்கண்டம் என நடுங்கினான். டைபீரியஸ் அவனைத் தழுவிக்கொண்டு வாழ்நாள் தோழனாக்கினான். கதை உண்மையோ அன்றோ, பிறர் மனத்தை அறியும் தவிப்பும் யாரையும் நம்பாத இயல்பும் அவனிடம் குடிகொண்டதை நன்கு காட்டுகிறது.

ஊர் திரும்ப விரும்பியபோது இசைவு கிடைக்கவில்லை. எட்டாண்டு கழித்தே வந்தான். லூசியஸ் கி.பி. 2இலும் கையஸ் கி.பி. 4இலும் மாண்டனர். வேறு வழியின்றி அகஸ்டசு அவனை மகனாக ஏற்றான். காசில் மகன் என்று பொறித்திருப்பது இந்தத் தத்து உறவைத்தான். கி.பி. 14 ஆகஸ்டு 19ஆம் நாள் அகஸ்டசு மறைய, ஐம்பத்துநான்கு வயதில், களைத்துப்போன ஒருவன் உலகப் பேரரசின் தலைவனானான்.

முதற் பத்தாண்டு ஆட்சி நல்லாட்சியே. எகிப்து நாட்டின் ஆளுநன் விதித்த அளவினும் மிகுதியாக வரி திரட்டி அனுப்பியபோது, பேரரசன் மகிழவில்லை. ஆட்டின் மயிரைக் கத்தரிக்கலாமேயன்றித் தோலை உரிக்கலாகாது என்ற பொருள்படக் கடிந்து எழுதினான். பாண்டியன் அறிவுடை நம்பிக்கு யானை புக்க வயலைச் சுட்டிப் பிசிராந்தையார் வழங்கிய அறிவுரையைத் தமிழறிந்தார் இங்கே நினைவுகூர்வர். அங்கே புலவர் மன்னனுக்குச் சொன்னதை இங்கே மன்னனே அலுவலனுக்குச் சொன்னான். கி.பி. 17இல் ஆசிய மாநிலத்தின் பன்னிரண்டு நகரங்கள் நிலநடுக்கத்தில் அழிந்தபோது, சார்டிஸ் நகருக்கு மட்டும் ஒரு கோடி செஸ்டர்ஸ் வழங்கி, ஐந்தாண்டு வரியையும் நீக்கினான். நான்கு செஸ்டர்ஸ் ஒரு வெள்ளித் தெனாரியசுக்குச் சமம். அந்நகரங்கள் மீண்டதைக் குறிக்கும் செப்புவகைக் காசு ஒன்றும் உண்டு.

தமிழகத்தோடு அவனை நேராகப் பிணைக்கும் நிகழ்ச்சி கி.பி. 22இல் நடந்தது. செல்வர்களின் ஆடம்பரத்தைச் சட்டத்தால் அடக்க வேண்டுமென ஆட்சிமன்றம் அவனை வேண்டியது. மன்றத்திற்கு அவன் எழுதிய நீண்ட மடலில், மகளிர் அணியும் மணிக்கற்களுக்காக உரோமையின் செல்வம் வேற்று நாட்டவர்க்கும், பகைவர்க்குங்கூடச் சென்று சேர்வதைச் சுட்டினான். ஆனால் சட்டம் செய்ய மறுத்தான். அவரவர் நாணமே அவரவரைத் திருத்த வேண்டும் என்பது அவன் முடிவு. அவன் குறிப்பிட்ட கற்களுள் கொங்கு நாட்டுப் படியூர்ப் பச்சைக்கல்லும் கொடுமணல் பட்டறைகளில் தீட்டப்பெற்ற மணிகளும் இருந்திருக்க வேண்டும். கொற்கை முத்தும் அந்த ஆடம்பரத்தில் அடங்கியதே. அரை நூற்றாண்டு கழித்துப் பிளினி, இந்தியாவிற்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் போகிறதெனப் புலம்பினார். இப்புலம்பலை அப்படியே ஏற்பதற்கில்லை. முசிறி வணிகம் பற்றிய கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தாள்சுவடி ஒன்று வியன்னாவில் உள்ளது. வந்திறங்கிய சரக்கின் மதிப்பில் நாலில் ஒரு பங்கைப் பேரரசு சுங்கமாகப் பெற்றதை அது காட்டுகிறது. ஒரு கையால் ஒறுத்த ஆடம்பரத்தை மறு கையால் அரசுக் கருவூலம் வரவு வைத்துக்கொண்டது!

கி.பி. 19இல் தத்துமகன் ஜெர்மானிக்கஸ் அந்தியோக்கியாவில் இறந்தான். மக்கள் பேரரசனையே ஐயுற்றனர். கி.பி. 23இல் விப்சானியா பெற்ற ஒரே மகன் மாண்டான். அதன்பின் காவற்படைத் தலைவன் செஜானஸ் சொன்னதே ஆட்சியாயிற்று. கி.பி. 26இல் உரோமையை விட்டகன்ற பேரரசன், மறு ஆண்டு காப்ரி தீவிற் குடியேறினான். இறக்கும்வரை தலைநகருக்குள் அடி வைக்கவில்லை. கி.பி. 29இல் தாய் லிவியா இறந்தபோதுகூட வரவில்லை. காசின் பின்புறத்து அமைதியே உருவாக அமர்ந்திருப்பவள் அவள்தான் என்றால், அந்த அமைதி வெள்ளியில் மட்டுமே நிலவியது. கி.பி. 31 அக்டோபரில் செஜானஸ் ஒரே நாளில் வீழ்த்திக் கொல்லப்பட்டான். அவன் மனைவி சாகுமுன் அனுப்பிய ஓலையால், மகனுக்கு நஞ்சூட்டியவன் செஜானசே என்று எட்டாண்டு கழித்து டைபீரியஸ் அறிந்தான். பிறகு நடந்தவை கொலைகள். அரச துரோகச் சட்டம் ஊரெங்கும் ஒற்றர்களை வளர்த்தது. அகஸ்டசின் உருவம் பொறித்த காசையோ மோதிரத்தையோ கழிப்பறைக்குள் எடுத்துச் சென்றாலும் உயிர்க்குற்றம் என்னும் நிலை வந்ததாகச் சுவெட்டோனியஸ் எழுதுகிறார்.

காப்ரி தீவில் அவன் இழிசெயல்களில் மூழ்கியிருந்தான் என்று அதே ஆசிரியர் விரித்துரைப்பவற்றை ஐயத்தோடுதான் கொள்ள வேண்டும். டாசிட்டசும் சுவெட்டோனியசும் அவன் இறந்தபின் பிறந்தவர்கள். அரசவை வம்பும் பகைக் குடும்பங்களின் நினைவுகளும் அவர்கள் கைக்கு எளிதில் கிட்டியவை. ஆனால் கொலைகள் வம்பல்ல. மாண்டவர் பெயர்கள் உள்ளன. செஜானசின் அறியாப் பருவ மக்களையும் அவன் ஆட்சி விட்டுவைக்கவில்லை. இந்தக் கறையைப் போர்த்திறத்தாலோ வரிக் குறைப்பாலோ கழுவ இயலாது. அதேபோழ்து கி.பி. 33இல் கடன்கள் ஒருங்கே திருப்பிக் கேட்கப்பட்டு, உரோமையில் காசே கிடைக்காத நெருக்கடி நேர்ந்தபோது, பத்துக் கோடி செஸ்டர்ஸ் பணத்தை மூன்றாண்டுக்கு வட்டியின்றிக் கடனாகத் தந்து நிலங்களின் விலை சரியாமல் காத்தவனும் அவனே. தாசிட்டசின் எழுத்திலேயே இச்செய்தி இருக்கிறது. முதுமையில் கூனி, தலை வழுக்கையாகி, முகத்தில் புண்களுக்கு மருந்துப்பற்று இட்டிருந்தான் என்கிறார் அவர். அந்த ஆண்டுகளிலும் லியோன் அச்சுச்சாலையிலிருந்து மாசுமறுவற்ற முகத்தோடுதான் காசுகள் வந்துகொண்டிருந்தன.

கி.பி. 37 மார்ச் 16ஆம் நாள் மிசேனம் துறையில், எழுபத்தேழாம் வயதில் இறந்தான். கருவூலத்தில் 270 கோடி செஸ்டர்ஸ் விட்டுச் சென்றதாகவும், அடுத்து வந்த கலிகுலா ஓராண்டு முடியுமுன் அதனைச் செலவிட்டதாகவும் சுவெட்டோனியஸ் கூறுகிறார். அகஸ்டசைத் தெய்வமாக்கிய ஆட்சிமன்றம் இவனைத் தெய்வமாக்கவில்லை.

அவன் காசுகளின் வாழ்வு அதன்பின்னும் தொடர்ந்தது. வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளிக்காசுகளும், உடுமலைப் பகுதிப் பூதிநத்தத்தில் 1946இல் ஏறத்தாழ 1400 காசுகளும் வெளிப்பட்டன. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் இருவருடையவை. இதனால் டைபீரியஸ் காலத்தில்தான் வணிகம் உச்சத்தில் இருந்தது என முடிவுகட்டிவிடலாகாது. கி.பி. 64இல் நீரோ மன்னன் காசின் எடையையும் வெள்ளியின் தூய்மையையும் குறைத்தான். எடைபார்த்து வாங்கும் தமிழ் வணிகர் பழைய காசையே விரும்பியிருப்பர். டைபீரியஸ் இறந்து பல்லாண்டு சென்றபின்னும் அவன் காசே இங்கு வந்திருக்கக்கூடும். மாறாத உருவம் நம்பிக்கையின் முத்திரையாயிற்று. அவன் உயிரோடிருந்தபோது யாரிடமும் பெறாத நம்பிக்கை அது.

புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த புதையல் இன்னும் எண்ணத்தக்கது. 501 பொற்காசுகள், அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான அரசர்களுடையவை. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் அரசனின் தலைமீது உளியால் வெட்டு விழுந்திருக்கிறது. தேய்ந்த காசை வழக்கினின்று நீக்கக் குறியிட்டனர் என்பர் சிலர். பொன்னின் மாற்றை அறிய வெட்டினர் என்பர் சிலர். முகத்தையே தேடி வெட்டியிருப்பதால், வேற்றரசனின் ஆணை இங்கு செல்லாது எனக் காட்டினர் என்பாரும் உளர். உரோமையில் காசைக் கழிப்பறைக்குள் எடுத்துச் சென்றவன் அஞ்சி நடுங்கியிருக்க, இங்கே ஒரு பொற்கொல்லன் எவ்வித அச்சமுமின்றிப் பேரரசர்களின் கன்னத்தில் உளியை வைத்தான். வேறு சில காசுகள் துளையிடப்பட்டோ வளையம் பொருத்தப்பட்டோ கிடைக்கின்றன. அவை அணிகலனாய்ப் பெண்களின் கழுத்தை அடைந்தவை. காசுமாலை என்னும் சொல்லுக்குள் இவ்வரலாறும் கோக்கப்பட்டிருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என 1878இல் சட்டம் வந்த பின்னும், உருக்குக் கலத்திற் போனவை எத்தனையோ.

மாசி மகத்தன்று தீர்த்தவாரி காண வைத்திக்குப்பம் கடற்கரையில் திரள்வோர், தெற்கே சற்றுத் தொலைவில் அரியாங்குப்பத்து ஆறு கடலோடு கலக்கும் திசையையும் பார்க்கிறார்கள். அவ்வாற்றங்கரையில் உள்ளது அரிக்கமேடு. அதுவே பெரிப்புளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் கூறும் பொதுகே என்பது அறிஞர் பலரின் துணிபு. மரங்களைப் பிணைத்துச் செய்த சங்கரம் என்னும் கலங்கள் இக்கரையில் ஓடியதையும் அந்நூல் சொல்கிறது. கட்டுமரத்தைக் கையாள்வோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. புதுச்சேரிக் கல்லூரி ஆசிரியரும் பல்லவர் வரலாற்று அறிஞருமான ழுவோ துப்ராய், அரிக்கமேட்டுச் சிறுவர்களிடமிருந்து பெற்ற மணிகளுள் ஒன்றில் செதுக்கியிருந்த தலையை அகஸ்டசின் உருவமெனக் கொண்டார். 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது இத்தாலி நாட்டு அரெட்டைன் மட்பாண்டச் சில்லுகள் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தில் பெருவழக்கிலிருந்த அம்மட்கலமே தென்னிந்தியத் தொல்லியலுக்கு முதன்முதலில் உறுதியான ஆண்டுக்கணக்கைத் தந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மேற்கொண்ட அகழாய்வு, யவனர் வருகைக்கு முன்பே அவ்வூர் செழித்திருந்ததை நிறுவியது.

கருக்காக்குறிச்சிப் பொற்காசுகளுட் சில இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. தமிழகத்திற் கிடைத்த வேறு உரோமானியக் காசுகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பில் வைக்கப்பட்டுள்ளன. டைபீரியசின் வெள்ளிக்காசுகளும் அவற்றுள் அடங்கும்.